பாய்லர் ஷாப் பாஷையில் ஒரு கல்யாணம்

எனக்குக் காது போனது ஏழு வயதில். சிகந்திராபாத்தை அடுத்த லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்த வருஷம் பல வீடுகளில் விஷஜுரம். என்னை விட்டு இறங்கும்போது அது என் கேட்கும் சக்தியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. நான் கண் விழித்தபோது அம்மா என் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து திறந்து மூடினாள். ஏதோ விளையாட்டுக் காட்டுகிறாள் என்று சிரித்தேன். அவள் ஏன் அழுதாள் என்பது புரியச் சில நாள் ஆயிற்று.

யாரும் உச்சுக்கொட்டுவதற்காக இதை முதலில் சொல்லவில்லை. ஏழு வயதுவரை நான் வாயாடி. அரிச்சுவடி தாண்டி எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்தவள். ஊமை அல்ல. ஆனால் காலனி முழுக்க எனக்கு அதுதான் பெயர். கடைக்காரர், பால்காரர், சொந்தத் தாய்மாமா, எல்லோருக்கும் நான் 'அந்த ஊமைப் பொண்ணு'. அந்த வார்த்தைக்கு உதடு எப்படிக் குவிந்து மூடும் என்பது எனக்கு அத்துப்படி.

ஜுரம் விட்டபின் மறுபடி பள்ளிக்கூடம் போனேன். தமிழ்க்காரர்கள் சங்கம் வைத்து நடத்திய பள்ளிக்கூடம், எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிரே மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. வாசிக்கச் சொன்னார்கள், எழுந்து வாசித்தேன். என் குரல் எப்படி வந்ததோ, வகுப்பு முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. டீச்சரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுநாள் அம்மாவைக் கூப்பிட்டனுப்பி, இனிமேல் வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அன்றைக்கு நான் வாயை மூடினேன். முடியாமல் மூடவில்லை. இவர்களுக்கு என் குரல் கிடையாது என்று தீர்மானித்து மூடினேன். இந்த வித்தியாசத்தை வாழ்நாள் முழுக்கப் பலருக்கு விளக்க வேண்டியிருந்தது.

நைனாவிடம், அதாவது அப்பாவிடம், மட்டும் பேசுவேன், அதுவும் கையால். அவர் வட ஆற்காட்டிலிருந்து பெரம்பூர் போய், அங்கே வேலை கற்று, பிறகு நிஜாம் சீமை ரயிலுக்கு வந்தவர். லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் ஷாப்பில் இருந்தார். எஞ்சின் பாய்லருக்குள் ஒருவன் உட்கார்ந்து தாங்கிப் பிடிக்க, வெளியே இருப்பவன் பழுக்கக் காய்ச்சிய ரிவிட் ஆணியின் மேல் சம்மட்டியால் அடிப்பான். அந்தக் கொட்டகையில் நின்றால் தன் குரல் தனக்கே கேட்காது என்பார்கள். அதனால் அங்கே எல்லோரும் கையால்தான் பேசினார்கள். தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள், சட்டைக்காரர்கள் எனப்படும் ஆங்கிலோ இந்தியர்கள், எல்லோருக்கும் அங்கே ஒரே பாஷை. மணிக்கட்டின் மேல் மணிக்கட்டை வைத்தால் 'நிறுத்து'. தொப்பி விளிம்பைத் தொட்டால் ஃபோர்மேன் வருகிறார். கட்டைவிரலைக் கன்னத்தில் அழுத்தினால் 'புளுகுகிறான்'. காது போன நாளிலிருந்து நைனா இந்தப் பாஷையில்தான் என்னை வளர்த்தார். ஷாப்பில் இல்லாத சோறு, பூ, பல்வலி, கோபம் இவற்றுக்கெல்லாம் நானும் அவரும் வீட்டில் உட்கார்ந்து புதிதாகக் கை கண்டுபிடித்தோம். ஆட்களுக்குப் பெயர் கிடையாது, ஆளுக்கொரு அடையாளம். மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. மீசையை முறுக்கினால் மாமா.

வருஷக்கணக்கில் அந்தக் கொட்டகையில் நின்றவனுக்குக் காது பாதி போய்விடும். நைனாவுக்கும் போயிருந்தது. ஆனால் அவரைச் செவிடர் என்று யாரும் சொன்னதில்லை. சம்பளம் வாங்குகிற ஆம்பிளைக்கு வந்தால் அது காது மந்தம். எனக்கு வந்தால் ஊமை.

வயது வந்தபின் நான் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். காலனிப் பிள்ளைகளின் சட்டை, பாவாடை, ரவிக்கை எல்லாம் என் கையில் வரும். அப்படித்தான் அவரும் வந்தார். இரண்டாவது பெரிய யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்தைய வருஷங்கள் அவை. எதிர்ப் பள்ளிக்கூடத்துக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு வாத்தியார் வந்திருந்தார். ஆண்டு விழா நாடகத்துக்கு ராஜா, மந்திரி உடுப்புத் தைக்க வேண்டும் என்று துணி மூட்டையோடு வாசலில் நின்றார். எனக்குக் கேட்காது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள் போல. வாயை அகலத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். கத்துகிறவர்களின் வாய் கோணிப்போகும். கோணின வாயைப் படிக்க முடியாது. போதாததற்கு அவர் ஊர்த் தமிழ் என் கண்ணுக்குப் பழக்கமில்லாத உதடு. நான் சிலேட்டுப் பலகையை எடுத்து, 'மெதுவாகப் பேசுங்கள், போதும்' என்று எழுதிக் காட்டினேன். அவர் முகம் சிவந்தது.

அந்த உடுப்புகளைத் தந்தபின்னும் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா இருக்கும்போது, கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. காது கேட்காதவர்களுக்குப் பேசக் கற்றுத்தர முடியும் என்று ஏதோ பத்திரிகையில் படித்தாராம். கண்ணாடியில் தன் உதட்டையும் என் உதட்டையும் பார்த்துப் பழகினால் வந்துவிடும் என்று நைனாவிடம் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவின் கண்ணில் நீர் கோத்துவிட்டது. நான் கண்ணாடியை வாங்கி, அவர் கையிலேயே திருப்பி வைத்தேன். பலகையில் எழுதினேன்: 'எனக்குப் பேசத் தெரியும். வேண்டாம் என்று இருக்கிறேன். உங்களுக்கு என்னோடு பேச வேண்டுமானால் என் பாஷையைக் கற்றுக்கொள்ளுங்கள்.'

படித்துவிட்டுப் பலகையை மெஷின் மேல் வைத்தார். கண்ணாடியைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். வாத்தியாரை அவமானப்படுத்திவிட்டேன் என்று அம்மா அன்று என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த வாரம் மறுபடி வாசலில் நின்றார். கையில் எதுவும் இல்லை. நிமிர்ந்து நின்றுகொண்டு, மனப்பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி இரண்டு கையையும் தூக்கி ஏதோ செய்தார். இரானி ஹோட்டலில் டீ குடிக்க வருகிற பாய்லர் ஷாப் ஆட்களைப் பிடித்துக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். 'சௌக்கியமா' என்று கேட்க நினைத்தாராம். கையில் வந்தது வேறு: 'பாய்லர் ஒழுகுது, ஓடு.'

நான் சிரித்துவிட்டேன். பல்லைக் காட்டிச் சிரிக்கிற சிரிப்பு இல்லை; வயிற்றிலிருந்து குரலோடு வந்த சிரிப்பு. தொண்டை அதிர்ந்ததில்தான் எனக்கே தெரிந்தது. அம்மா கரண்டியோடு உள்ளிருந்து ஓடி வந்தாள்; அந்தச் சத்தத்தை அவள் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. நான் வாயைப் பொத்திக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன், அந்த வகுப்பறை முகம் வருகிறதா என்று. வரவில்லை. தப்புச் செய்து பரிசு வாங்கின மாதிரி நின்றார். அன்றைக்கே அவருக்கு அடையாளம் வைத்தேன்: சாக்பீஸ் தூளைத் தட்டுகிற மாதிரி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்ப்பது.

அவர் கற்றுக்கொண்டார். வேகமாக இல்லை, கை கொஞ்சம் மந்தம்தான். ஆனால் தப்பு வந்தால் மறுபடி கேட்பார். நானும் அவர் உதட்டைப் பழகினேன். உதட்டைப் படிப்பதில் எவ்வளவு புளுகு இருக்கிறது என்பதை அவருக்குக் காட்டினேன். உதட்டில் 'மாமா'வும் 'பாப்பா'வும் ஒன்றுதான். யாரோ மாமா வந்திருக்கிறார் என்று சொல்ல, நான் குழந்தையைத் தேடிக்கொண்டு வெளியே போன கதையைச் சொன்னேன். அவர் கண்ணாடி முன்னால் நின்று இரண்டையும் சொல்லிப் பார்த்துவிட்டு, காது கேட்கிறவர்கள் யாருக்கும் இது தெரியாது என்றார். பிறகு வீட்டுக்கு அடிக்கடி வருவது சரியில்லை என்று அம்மா முகம் சுளித்தாள். அவர் வருவதை நிறுத்தினார். எங்களுக்கு அதனால் நஷ்டம் இல்லை. கையால் பேசுகிறவர்களுக்கு மைதானம் ஒரு தூரமா? இடைவேளையில் அவர் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நிற்பார். நான் எங்கள் வாசலில், மெஷினுக்கு எண்ணெய் விடுகிற சாக்கில். நடுவில் மைதானம், பிள்ளைகள், கிணற்றடியில் பெண்கள். எல்லோர் கண் முன்னாலும், பட்டப்பகலில், நாங்கள் என்னவெல்லாமோ பேசினோம். காலனிக்கு ஆத்திரம் பேசுவதில்கூட இல்லை. ஒட்டுக்கேட்க முடியவில்லை என்பதில்தான்.

ஒட்டுக்கேட்கக்கூடியவர்களும் இருந்தார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு மத்தியானம் வானம் கறுத்து வந்தது. தாழ்வாரத்தில் சாரல் அடிக்கும், வகுப்புக்குள் போங்கள், நனைந்துவிடுவீர்கள் என்று நான் சொன்னேன். நீ உள்ளே போகும்வரை போகமாட்டேன், நனைந்தால் நனைகிறேன் என்றார் அவர். அந்த நேரம் ஷிஃப்ட் முடிந்த ஆட்கள் சைக்கிளில் மைதானத்து ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மறுநாள் சாயங்காலம் நைனா சோற்றைப் பிசைந்தபடி என்னைப் பார்த்தார். சாப்பிட்டு, கை கழுவி, துடைத்துக்கொண்டு, கையால் கேட்டார்: "வாத்தியார் நனைஞ்சாரா?"

எனக்குக் காது மடல் சுட்டது. பாய்லர் ஷாப்பில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அதைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம். இத்தனை நாளும் அவர்கள் படித்துக்கொண்டேதான் போயிருக்கிறார்கள்; ஒருவரும் வெளியே சொல்லவில்லை. நைனாவுக்குக் கோபம் இல்லை. பயம் இருந்தது. அதை மட்டும் வாயால் சொன்னார், என் முகத்துக்கு நேரே மெதுவாக.

"கையால பேசறது பெரிசு இல்லம்மா. நாளைக்குக் கைய உட்டுட்டா?"

அதையே மறுநாள் மைதானத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அவரிடம் கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை. என் மேல் இரக்கமா என்று கேட்டேன். மணி அடித்திருக்க வேண்டும், பிள்ளைகள் எல்லாம் உள்ளே ஓடினார்கள். அவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "முதலில் இருந்தது. நீ கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கே போய்விட்டது." வேறு யாராக இருந்தாலும் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்திருப்பார்கள். நான் கட்டைவிரலைக் கன்னத்தில் அழுத்தியிருப்பேன். இவரிடம் அதற்கு இடமில்லாமல் போயிற்று. கட்டிக்கொள்கிறேன் என்று நான்தான் முதலில் சொன்னேன். அவர் சம்மதமாகத் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, வகுப்பு எந்தப் பக்கம் என்பதையே மறந்து எதிர்ப்பக்கம் நடந்து, திரும்பி வந்தார்.

இது தெரிந்ததும் மாமா அவசரப்பட்டார். அம்மாவின் தம்பி அவர்; அக்கா குடும்பத்து மானம் தன் மீசையில் இருப்பதாக நினைப்பு. ஒரு வெள்ளிக்கிழமை ஒர்க்‌ஷாப் ஸ்டோர்ஸில் இருந்த ஒரு கிளார்க்கைக் கூட்டிக்கொண்டு வந்தார். மனைவியை இழந்தவர், என் வயதில் அவருக்கு மகள் இருந்தாள். வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்தார்கள். கிளார்க் மாமா பக்கம் சாய்ந்து, எனக்குத்தான் தெரியாதே என்ற தைரியத்தில் சொன்னார்:

"போனவ கத்திக்கினே இருப்பா. இது கத்தாது பாரு, அதான் சவுகரியம்."

நல்ல தெளிவான உதடு அவருக்கு. ஒரு எழுத்து தப்பவில்லை. நான் மெஷினை விட்டு எழுந்து, வெற்றிலைத் தட்டைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். செருப்பையும் எடுத்து வந்து காலடியில் போட்டேன். மாமா கையை ஓங்கினார். நைனா மணிக்கட்டின் மேல் மணிக்கட்டை வைத்தார். வீட்டில் அதைப் பார்த்துப் பழகாத மாமாவுக்கும் அது புரிந்தது.

மாமா நேரே சங்கத்துக்குப் போனார். பள்ளிக்கூடத்து வாத்தியார் வாய் பேசாத பெண்ணை மயக்குகிறார் என்று புகார். ஒரு ஞாயிறு காலை சங்கத்துக் கட்டடத்தில் கூட்டம் வைத்தார்கள். தலைவர், பெரியவர்கள், ஹெட்மாஸ்டர், மாமா. நைனாவையும் வாத்தியாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். என்னைச் சொல்லவில்லை. நான் நல்ல புடவையாக உடுத்திக்கொண்டு நைனாவோடு போனேன். அம்மா வாசலை மறித்தாள், தள்ளிக்கொண்டுதான் போனேன்.

அங்கே என்ன பேசினார்கள் என்பதில் பாதி நான் பார்த்தது, பாதி அவர் பிறகு சொன்னது. சாதியில் எங்கள் இரண்டு வீடும் ஒன்றல்ல. வேறு பெண்ணாக இருந்திருந்தால் அதை வைத்தே கூட்டத்தை முடித்திருப்பார்கள். என் விஷயத்தில் சாதிவரை போகவே இல்லை. காதே போதுமானதாக இருந்தது. வாத்தியார் வேலை என்றால் நடத்தை சுத்தமாக இருக்க வேண்டும் என்றார் ஹெட்மாஸ்டர். வாத்தியார் எழுந்து, கல்யாணம் செய்துகொள்ளத்தான் கேட்கிறேன், இதில் என்ன அசுத்தம் என்றார். ஒரு பெரியவர், நல்ல மனிதர்தான், என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தவர், நைனாவைப் பார்த்துச் சொன்னார்:

"உம் பொண்ணுக்கு நல்லது கெட்டது புரியுமாய்யா? நாளைக்கு இவன் உட்டுட்டுப் போனா அது யாராண்ட போயி சொல்லும்?"

நைனாவுக்குப் பாதிதான் கேட்டது. காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். அதற்குள் தலைவர் ஏதோ சொல்ல, எல்லோர் தலையும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. எனக்குப் பிடரிகள்தான் தெரிந்தன. என்னைப் பற்றி, என் கழுத்தைப் பற்றி, பிடரிகள் பேசிக்கொண்டிருந்தன. நைனா என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த அசட்டுச் சிரிப்பு, கேட்காததை மறைக்கச் சிரிக்கிற சிரிப்பு, எனக்குத் தெரியும். நானும் எத்தனையோ தடவை அதைச் சிரித்திருக்கிறேன்.

எழுந்து போய்த் தலைவரின் மேஜைக்கு முன்னால் நின்றேன். உள்ளங்கையால் மேஜையில் ஓங்கி அடித்தேன். எல்லோரும் திரும்பினார்கள். வாயைத் திறந்தேன்.

"என்னப் பாத்துக் கேளுங்க. கட்டிக்கப் போறது நானு."

குரல் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. தகரத்தைக் கிழித்த மாதிரி வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் இருந்தது என்று அவர் பிற்பாடு சொன்னார். நைனாவுக்குக் கூடக் கேட்டதாம். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் நான் நிறுத்தியிருக்கமாட்டேன். அந்த வயது கடந்துவிட்டது.

தலைவர் சமாளித்துக்கொண்டு, உதட்டை நிதானமாக அசைத்து, கல்யாணம் என்றால் என்னவென்று உனக்கு விவரம் தெரியுமா அம்மா என்றார். நான் சொன்னேன்:

"நீங்க தாலி கட்டும்போது உங்க வீட்டம்மாவுக்கு விவரம் தெரியுமான்னு யாராவது கேட்டாங்களா?"

அந்த அம்மாவுக்குப் பத்தோ பதினொன்றோ வயதில் கல்யாணம் ஆனது என்பது காலனியில் எல்லோருக்கும் தெரியும். தலைவர் பேனாவை மூடி வைத்தார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. இந்தக் கல்யாணம் நடந்தால் வாத்தியாருக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை இல்லை என்று முடிவு சொன்னார்கள். அவர் வாதாடவில்லை. "அப்படியே ஆகட்டும், ஐயா," என்று மட்டும் சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னிலையிலும் என் பக்கம் திரும்பிக் கையால் கேட்டார்: "கிளம்பலாமா?" வெளியே வந்தபோது மைதானத்து வேப்பமரத்தடியில் பாய்லர் ஷாப் ஆட்கள் சைக்கிளோடு நின்றிருந்தார்கள். என்ன ஆயிற்று என்று அங்கிருந்தே கையால் கேட்டார்கள். நைனா பதில் சொன்னார். கட்டடத்துக்குள் இருந்தவர்கள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்; அவர்களுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது.

கல்யாணம் சிகந்திராபாத்தில் ஒரு சின்ன அம்மன் கோயிலில். அவர் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. செத்துப்போனதாக நினைத்துக்கொள்கிறோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். மாமாவும் வரவில்லை. அம்மா வந்து, தூணுக்குப் பின்னால் நின்றாள். பூசாரி கடைசி நேரத்தில் இழுத்தார். பெண்ணுக்கு மந்திரம் காதில் விழாதே, பலிக்குமா என்று அவருக்குச் சந்தேகம். நைனாவுக்குப் பூசாரி கேட்டதை ஒருவர் கையால் எடுத்துச் சொன்னார். நைனா சொன்னது:

"மந்திரம் சாமிக்குத்தான சாமி? சாமிக்குக் காது கேட்டா போதும்."

தாலி ஏறியது. மேளம் எவ்வளவு சத்தம் என்று தெரியாது. தரை வழியாக உள்ளங்காலுக்கு அதிர்வு வந்தது. சாப்பாட்டுப் பந்தியில் பாய்லர் ஷாப் ஆட்கள் உட்கார்ந்துகொண்டு, இலைக்கு இலை கையாலேயே பேசிக்கொண்டார்கள். சாம்பாரில் உப்பில்லை என்று பந்தியின் ஒரு கோடியில் இருந்தவர் சொன்னது எனக்கும் தெரிந்தது. என் கல்யாணத்தில் ஊர்ப்பேச்சு முழுவதும் எனக்குப் புரிந்தது. எத்தனை பெண்களுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கும்?

சிலகல்குடாவில் ஓர் அறை எடுத்தோம். அவர் கொஞ்ச காலம் மரக்கடையில் கணக்கு எழுதினார். அந்த நாட்களில் என் மெஷின்தான் அடுப்பெரித்தது. அதைச் சொல்லிக்காட்டி ஒருவரும் அவரைப் புண்படுத்திவிடக் கூடாது என்று நானே முந்திக்கொண்டு எல்லோரிடமும் சொன்னேன்: ஆமாம், நான் சம்பாதிக்கிறேன். பிறகு வேறொரு பள்ளிக்கூடத்தில் அவருக்குத் தமிழும் கணக்கும் சொல்லித்தர வேலை கிடைத்தது. பக்கத்து அறையில் ஒரு முஸ்லிம் அம்மாள் இருந்தாள். அவள் பேசிய தக்கணி உருது என் கண்ணுக்கு முதலில் வெறும் வாயசைவு. 'நக்கோ' என்றால் வேண்டாம், 'ஹவ்' என்றால் ஆமாம், இவ்வளவு தெரிந்ததும் எங்களுக்குள் வியாபாரம் தொடங்கிவிட்டது. யாரும் கேட்காமலே ஒரு மாதத்துக்குள் அவள் என் கையைக் கற்றுக்கொண்டாள். என் அம்மாவுக்குப் பதினைந்து வருஷத்தில் வராத பாஷை அது. அம்மா என்னிடம் பேசும்போது இன்னமும் என் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் சண்டையும் போட்டோம். எல்லா வீட்டையும் போலத்தான். அவருக்குக் கோபம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரிடம் பேசுவார். அது அழுகுணி ஆட்டம். நான் என் பங்குக்குக் கண்ணை மூடிக்கொள்வேன். கண்ணை மூடிவிட்டால் அவருக்கு வேறு வழியில்லை. பாவம், எதிரே உட்கார்ந்து நான் திறக்கும்வரை காத்திருப்பார். ஒரு தடவை பாதியில் தூங்கியே போனேன்.

மகள் பிறந்தாள். அம்மா சிலகல்குடாவுக்கு வந்து பிரசவம் பார்த்தாள். குழந்தை பிறந்து கொஞ்ச நாளில் ஒரு காலை, நான் பின்கட்டில் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்தேன். அறை நிறையப் பெண்கள். குழந்தை பாயில் கிடந்தது. அதன் தலைமாட்டில் அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தாள். சுற்றி இருந்தவர்கள் குனிந்து குழந்தையின் கண்ணைப் பார்த்தார்கள். திரும்புகிறதா, இமைக்கிறதா. ஒருத்தி கையைத் தட்டினாள். இன்னொருத்தி குழந்தையின் காதுக்கருகே டப்பாவில் பருப்பைப் போட்டுக் குலுக்கினாள். எனக்கு ஜுரத்தில் போனது காது. பிள்ளைக்கு வர அதில் ஒன்றுமில்லை. அதை எத்தனை முறை எழுதிக் காட்டினாலும் அவர்களுக்கு ஏறவில்லை.

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். அம்மாவின் கையிலிருந்து கரண்டியை வாங்கினேன். சங்கக் கட்டடத்துக்குப் பிறகு வெளியாட்கள் முன்னால் நான் வாயைத் திறந்தது அன்றைக்குத்தான்.

"கேட்டா இன்னா பண்ணுவீங்க? கேக்கலன்னா இன்னா பண்ணுவீங்க? போங்க."

போனார்கள். அம்மா மட்டும் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். அவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அவளைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டியிருந்தது. நடந்ததைச் சொன்னேன். குழந்தையைச் சற்று நேரம் பார்த்தார். உனக்குத் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சரி என்றார். அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் தட்டை அடிக்கவில்லை. குழந்தையிடம் அவர் வாயாலும் பேசினார், கையாலும் பேசினார். நான் கையால் பேசினேன். நானும் அவளும் மட்டும் இருக்கும்போது என் குரலிலும் பேசினேன். தகரக் குரலோ என்னவோ, அவளுக்கு அதுதான் தாய்க்குரல்.

அவளுக்குக் கேட்டது. சில மாதங்கள் கழித்து, லாலாகுடா ஒர்க்‌ஷாப் சங்கு ஊதும்போதெல்லாம் தலையைத் திருப்புகிறாள் என்று அவர் பார்த்துச் சொன்னார். இதைப் படித்ததும் உங்களுக்கு மனம் லேசாகியிருக்கும். 'அப்பாடா' என்று உதடு அசைந்திருக்கும். அந்த 'அப்பாடா'வோடுதான் எனக்குச் சண்டை, இன்றைக்கும். அவள் திரும்பாமல் இருந்திருந்தாலும் அன்று எங்கள் வீட்டில் அதே சோறுதான் வெந்திருக்கும். அதே கைகள்தான் அவளைக் குளிப்பாட்டியிருக்கும். அவர் வேலையிலிருந்து வந்து சட்டையை மாற்றியதும், மூவரும் அதே ஸ்டேஷனுக்குத்தான் ரயில் பார்க்கப் போயிருப்போம். அன்றைக்கும் போனோம். மன்மாட் வண்டி வரத் தாமதம். அது வருவதற்குள் அவள் என் தோளில் தூங்கிவிட்டாள்.